ரவுடி அழுதா கதவு திறக்காது

தியேட்டர்ல டிக்கெட் கிழிக்கிறவளுக்குப் படம் தெரியாது, கதவுதான் தெரியும். வாட்ச்மேனுங்க, பஸ் கண்டக்டருங்க, டாக்டர் ரூம் வாசல்ல நின்னு பேரு கூப்பிடுற பொண்ணுங்கன்னு கதவோரமாவே காலம் தள்ளுற என் கூட்டாளிங்க எல்லாருக்கும் இது புரியும். உள்ள என்ன நடக்குதுன்னு நமக்கு முழுசாத் தெரியாது. யாரு எப்ப எழுந்து வெளிய வர்றாங்கன்னு பாத்து நாமளே ஒரு கதை கட்டிக்குவோம்.

நான் ஸ்டெல்லா. மரக்காணத்து உப்பளத்துல பதினாலு வருஷம் உப்பு வாரினேன். காலெல்லாம் வெடிச்சுப் புண்ணாகி, இனிமே உப்புத் தண்ணியில காலையே வைக்காதன்னு டாக்டரம்மா கண்டிச்சுச் சொன்ன அப்புறம் இந்த ரோட்டோரத் தியேட்டருக்கு வந்து சேர்ந்தேன். தகரக் கூரை, பாதி சீட்டு பஞ்சு பிதுங்கிக் கெடக்கும். வருஷத்துல பாதி நாளு ரவுடிப் படம்தான் ஓடும். மீதிப் பாதி நாளு, ரவுடி திருந்துற படம்.

சமோசா ஜோசியம்

ரவுடிப் படத்துல முதல் அரை மணி நேரம் என் கதவு ஓயவே ஓயாது. உள்ள ஹீரோ நடு ரோட்டுல நாலு பேர வெட்டிக்கிட்டு இருப்பான். நம்ம ஆளுங்க பாட்டுக்கு ஒண்ணுக்குப் போவாங்க, போன் பேசுவாங்க, சமோசா வாங்கித் தின்னுக்கிட்டே அசைஞ்சு அசைஞ்சு வருவாங்க. வெட்டுறவன் யாருன்னே இன்னும் தெரியலையே, அவனுக்காக எதுக்கு அடக்கிக்கிட்டு உக்காரணும்?

அப்புறம் பிளாஷ்பேக் வரும். ஒழுகுற வீடு, காய்ச்சல்ல கெடக்குற தங்கச்சி, கொலைகாரன் கொண்டாந்த சோறு எனக்கு வேணாம்னு தட்டைத் தள்ளி விடுற அம்மா. அவ்ளோதான், என் கதவுக்கு லீவு. வயிறு முட்டிக்கிட்டு வந்தாலும் ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டான். முன்ன வெட்டின நாலு பேரையும் அந்த ஒரு தட்டு மறக்கடிச்சிடும்.

கேன்டீன்ல சமோசா போடுற வேலு எனக்கு முன்னாடியே இதக் கண்டுபிடிச்சவன். புதுப் படம் வந்தா ஹீரோ யாரு, பாட்டு எப்படின்னு கேக்க மாட்டான். மாவு பெசையறதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்து ஒரே ஒரு கேள்விதான் கேப்பான்: "யக்கா, இந்த ரவுடிக்கு அம்மா உண்டா? இருந்தா சொல்லு, மாவைக் கொறைச்சுக்கிறேன்."

ஒரே ஒரு கம்ப்ளைன்ட்

என் வீட்லயும் ஒரு ரவுடி உண்டு. சொல்ல வெக்கமாத்தான் இருக்குது, சொல்லாமலும் கதை நகராது. என் கூடப்பொறந்த தம்பி அந்தோணி. மீன் ஏலத்துல ஒரு வாய்ச்சண்டை, உள்ள போன சரக்கு, கையில கெடைச்ச கத்தி. ஒருத்தன் கையில வெட்டிட்டான். நாலு வருஷம் உள்ள இருந்தான். வெட்டுப்பட்ட ஆளு இப்ப நல்லாத்தான் வலை இழுக்கிறாரு. இருந்தாலும் வெட்டு வெட்டுதான், என் தம்பிங்கறதுக்காக நான் பூசி மெழுக மாட்டேன். வெளிய வந்தவன் குடியை விட்டுட்டான். உப்பளத்து மேஸ்திரிகிட்ட போய் வேலை கேட்டான். "மம்பட்டிய உங்கையில குடுத்துட்டு நான் எப்பிடிப்பா முதுகக் காட்டி நிப்பேன்?"னு சொல்லி அனுப்பிட்டாரு.

எங்க மொதலாளி இளகின மனசுக்காரரு. ரவுடிப் படம் வந்தா முதல் நாளு பால்கனியில உக்காந்து கர்ச்சீப்ப நனைச்சிடுவாரு. அன்னைக்கும் அழுது முடிச்சு மூக்க உறிஞ்சிக்கிட்டே எறங்கி வந்தாரு. இதான் நேரம்னு, "சார், வண்டி ஸ்டாண்டுக்கு ஆளு வேணும்னீங்களே, என் தம்பி இருக்கான்"னு ஆரம்பிச்சேன். கண்ணுல இருந்த தண்ணி எங்க போச்சுன்னே தெரியல. ரெண்டு நாளு கெஞ்சினேன். கடைசியில என் மூஞ்சிக்காக பதினஞ்சு நாளு பாக்கலாம்னு எறங்கி வந்தாரு: "ஒரே ஒரு கம்ப்ளைன்ட் வரட்டும்மா, அன்னைக்கே அனுப்பிடுவேன். படத்துல திருந்தினா கை தட்டலாம், ஸ்டாண்டுல நிக்க வச்சா வண்டியில்ல போவும்?"

உப்புக்குள்ள வச்ச அருவா

மேட்னி ஷோன்னா எனக்கு ஒறவுக்காரங்க கல்யாணம் மாதிரி. விடியறதுக்கு முன்னாடியே உப்பு வார எறங்கினவங்க, வெயிலு ஏறினதும் கரையேறி, குளிச்சு, கஞ்சியக் குடிச்சிட்டு இங்க வந்துடுவாங்க. காலப் பாத்தே ஆளச் சொல்லிடுவேன், எல்லாம் என் காலு மாதிரியே வெடிச்ச காலுங்க.

ஒரு படம் வந்தது. உப்பளத்துல பொறந்து ரவுடியான ஒருத்தன் கதை. நம்ம கதைடான்னு கூட்டம் நெறைஞ்சிடுச்சு. ஹீரோ ஜெயிலுக்குப் போறதுக்கு முன்னாடி அருவாளை உப்புக் குவியலுக்குள்ள சொருகி வைக்கிறான். மூணு வருஷம் கழிச்சு வர்றான். அம்மா செத்துட்டாங்க. ஆவேசமா ஓடி வந்து குவியலுக்குள்ள கைய விட்டு அருவாளை உருவுறான், அது பளபளன்னு மின்னுது. மேளம் அதிருது. விசில் பறக்க வேண்டிய எடம். எங்க ஆளுங்க அத்தன பேரும் ஒரே கொரல்ல "டேய்ய்ய்!"னு கத்துனாங்க. "உப்புல வச்ச இரும்புடா, மூணு மாசத்துக்கே துருவாக் கொட்டிடும்டா!"ன்னு ஒருத்தரு. "மூணு வருஷமா விக்காம எவன்டா குவிச்சு வச்சிருக்கான்?"னு இன்னொருத்தரு. அதுக்கப்புறம் ஹீரோ அம்மா சமாதியில விழுந்து பொரண்டு அழுறான், ஒருத்தரும் கண்டுக்கல. துரு பத்தியே பேசிக்கிட்டு வெளிய வந்து டீ குடிக்கிறாங்க. கொலையெல்லாம் மன்னிச்சவங்க, துருவ மன்னிக்கல.

இதச் சொல்லி நான் சிரிச்சேன். ஸ்டாண்டுல வண்டிய ஒழுங்கு பண்ணிக்கிட்டு இருந்த அந்தோணி சிரிக்காம சொன்னான்: "ஜெயில்லேர்ந்து வந்ததும் அவன் நேரா அருவாகிட்ட போறான். நான் நேரா பல்லு டாக்டர்கிட்டதான் போனேன்க்கா, நாலு வருஷமா கடவாப் பல்லு உயிர எடுத்துக்கிட்டு இருந்துது."

பதினோரு பேரு

அடுத்த படம் நெஜமாவே உருக்கிடுச்சு. இன்டர்வெல்லுக்குள்ள பதினோரு பேர வெட்டுறான். அப்புறம் அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு டீக்கடை போடுறான். ஊரு அவன நம்ப மாட்டேங்குது, ஒருத்தனும் அவன் கையால டீ வாங்கிக் குடிக்க மாட்டேங்குறான். அந்த டீ ஆறிப்போற சீனுக்கு லேடீஸ் சைடு பூரா மூக்குச் சிந்துற சத்தம்தான். நானும் கதவு இடுக்குல நின்னு அழுதேன், மறைக்கிறதுக்கு என்ன இருக்குது.

என்னோட உப்பு வாரின தனம் அந்தப் படத்த மூணு தரம் பாத்தா. மூணு தரமும் ஸ்கூட்டிய எங்க ஸ்டாண்டுல விடல. அந்தோணியப் பாத்ததும் வளைச்சுக்கிட்டுப் போய் எதிர்த்த டீக்கடை வாசல்ல நிறுத்திட்டு வந்தா. மூணாவது தரம் கண்ணு செவக்க வெளிய வந்தவகிட்ட எனக்கு ஆத்தாமையில வாய் நிக்கல. "ஏன்டி, பதினோரு பேர வெட்டினவனுக்கு இந்த அழுக அழுவுறியே, வெட்டுப்பட்டவனுங்களுக்கும் அம்மா இருந்திருக்க மாட்டாங்களா?"ன்னேன். முந்தானையில மூக்கத் தொடச்சிக்கிட்டு, நான் ஏதோ புத்தி கெட்டுப் போய்க் கேட்ட மாதிரி பாத்தா: "அவங்க அம்மாவத்தான் படத்துல காட்டவே இல்லையேடி!"

தகரத்துல விழுந்த தூறல்

பதினாலாவது நாளு. இன்னும் ஒரு நாளு ஓட்டிட்டா தம்பிக்கு வேலை உறுதி. மேட்னி பாதியில அந்தோணி கதவுகிட்ட வந்தான். "அக்கா, கடல் பக்கம் கருத்துக்கிட்டு வருது. உள்ள இருக்கறவங்க பூரா அளத்துக்காரங்க. மழைன்னா ஓடுவாங்க, வண்டியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கிட்டு நிக்குது. ரோட்டப் பாக்கத் திருப்பி வச்சிடட்டா?"ன்னான். "வைடா"ன்னேன். நான் பாத்துக்கிட்டே நின்னேன். லாக் போட்ட வண்டியா இருந்தா முன் சக்கரத்த அலாக்காத் தூக்கி அரை வட்டம் அடிச்சு வச்சான். ஒவ்வொண்ணா, அத்தனையும். சட்டை பூரா வேர்வையில தெப்பமா நனைஞ்சிடுச்சு.

உள்ள கிளைமாக்ஸ். டீக்கடை வாசல்ல ஹீரோ குத்துப்பட்டுக் கெடக்கிறான், அம்மா முதல் தடவையா அவன் வாயில சோறு ஊட்டப் போறாங்க. என் கதவு அசையல. அப்பத்தான் தகரத்துல டப் டப்புன்னு விழுந்துது. வாரிக் குவிச்ச உப்பு மேல மழை எறங்கினா அந்த வாரத்து ஒழைப்பே கரைஞ்சு ஓடிடும். ஒரு நொடியில தியேட்டரே எழுந்துச்சு. மேஸ்திரி முதல்ல, நாலாவது தரமா பாக்க வந்த தனம் பின்னால, செருப்ப விட்டுட்டு ஓடினவங்க பாதி. எப்பவும் வண்டிய எடுக்கவே கால் மணி நேரம் இடிச்சுக்குவாங்க, அன்னைக்கு ஏறி உக்காந்தாங்க, போனாங்க. மழை வலுக்கறதுக்குள்ள ஓலையும் தார்ப்பாயும் போட்டு உப்ப மூடிட்டாங்க. இங்க காலி சீட்டுங்களுக்கு முன்னாடி ஹீரோ தனியா செத்துக்கிட்டு இருந்தான். வேலு கரண்டியோட ஓடி வந்து நின்னான்: "யக்கா, அம்மா சோறு ஊட்டும்போதே கதவு திறந்துடுச்சே!"

லாக் போட்ட வண்டி

மறுநாளு காலையில மேஸ்திரி நாலு பேரோட வந்தாரு. தனமும் கூட நின்னா. நன்றி சொல்ல வர்றாங்கன்னு பைத்தியக்காரி நான் டீ சொல்லப் போனேன். மேஸ்திரி மொதலாளிகிட்ட, "சார், நான் லாக் போட்டுத்தான் நிறுத்தினேன். வெளிய வந்து பாத்தா வண்டி ரோட்டப் பாத்து நிக்குது. லாக்கத் தொறக்கத் தெரிஞ்சவன ஸ்டாண்டுல வச்சிருக்கீங்க, அப்புறம் நாங்க எப்பிடி நம்பி உள்ள உக்காருறது?"ன்னாரு. அந்த வண்டியில போய்த்தானே நேத்து உப்ப மூடினீங்கன்னு யாரும் கேக்கல. தனம் தரையப் பாத்துக்கிட்டு நின்னா.

"தொறக்கல சார், தூக்கித்தான் திருப்பினேன். அக்காவக் கேளுங்க"ன்னான் அந்தோணி. மொதலாளி என் பக்கம் திரும்பினாரு. "ஏம்மா, நீ பாத்தியா?" பாத்தேன். திருப்பி வைடான்னு சொன்னதே நான்தான். சொன்னா என் வேலையும் போயிடும், மறுபடி உப்புத் தண்ணியில காலை வைக்கணும். அந்தப் புண்ணு ஞாபகம் வந்துது. "நான் கதவுல நின்னேன் சார், கவனிக்கல"ன்னுட்டேன். "அப்ப நீ கெளம்புப்பா"ன்னு மொதலாளி தம்பிகிட்ட சொல்லிட்டாரு. அந்தோணி வண்டி டோக்கன் கட்ட ஆணியில மாட்டினான். கண்ணுலேர்ந்து பொல பொலன்னு கொட்டுது, தொடைக்கக்கூட இல்ல. "சரிக்கா, நீ கால பாத்துக்க"ன்னு மட்டும் சொன்னான். என்னால அங்க நிக்க முடியல, வேலுகிட்ட டீ வாங்கற மாதிரி நகந்துட்டேன்.

பின்னாலேயே மேஸ்திரி வந்தாரு. மனசுல ஏதோ உறுத்துதோன்னு நிமிந்து பாத்தேன். கொரலத் தணிச்சு, நெஜமான கவலையோட கேட்டாரு: "நேத்து மழையில பாதியில ஓடிட்டோமேம்மா, அந்த டீக்கடைப் புள்ள கடைசியில பொழச்சானா? ராத்திரி பூரா மனசே கேக்கல."

ரவுடி அழுதா கதவு திறக்காதுன்னு உங்ககிட்ட பெருமையா ஆரம்பிச்சேன் பாருங்க, எங்க வீட்டு ரவுடி அழுதப்ப முதல்ல எழுந்து வெளிய போனவ நான்தான்.