அண்ணாந்து பருகிய நீர்

மட்டாஞ்சேரியில் திரிபுரசுந்தரியைத் தண்ணீர் சோதிக்கும் மாமி என்றால்தான் தெரியும். குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் முப்பத்தோராண்டு சீசாக்களோடு வாழ்ந்தவள். மணம் புரியாதவள். விடியலில் நீராடிப் பதிகம் ஓதி முடிக்குமுன் ஒரு மிடறும் பருகாதவள். ஓய்வு பெற்ற மறுமாதமே தொண்டர் குழு ஒன்றில் சேர்ந்து, ஆழ்குழாய்க் கிணறு அமைக்கும் பணிக்காக மலாவி நாட்டுச் சிற்றூர் ஒன்றுக்குப் புறப்பட்டாள்.

"இங்கே டேங்கர் வந்தாத்தான் நமக்கே குடிவெள்ளம். அத்தை ஆப்பிரிக்காவுக்குத் தண்ணி கொடுக்கப் போறாளாக்கும்!" என்று அண்ணன் மகள் ஸாதனா கேலி செய்தாள்.

"அங்கேயாவது ஒழுங்கா வரட்டுமேடி," என்றாள் அத்தை.

சொல்லாத காரணம் ஒன்று உண்டு. அண்ணன் வீட்டில் அவளுக்குச் சோறு இருந்தது. அவளில்லாவிட்டால் யாருக்கும் குறை இருந்ததில்லை. ஏதேனும் ஒரு வீட்டுக்கு உரியவளாகிவிட வேண்டும் என்னும் தவிப்பு அறுபதை நெருங்கும் வயதிலும் அடங்கவில்லை.

அவ்வூரில் அவளைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டவள் எஸ்னார்த். மூன்று குழந்தைகளோடு தனித்து வாழ்பவள். இருவருக்கும் பொதுமொழி அரைகுறை ஆங்கிலம். மக்காச்சோளம் இடிக்கத் திரிபுரசுந்தரி உலக்கை பிடித்த அழகைக் கண்டு, "அமாயி, அது பேனா இல்லை!" என்று எஸ்னார்த் விழுந்து விழுந்து சிரித்தாள். அமாயி என்றால் அங்கே தாய். அச்சொல்லைக் கேட்ட அன்று திரிபுரசுந்தரி இரண்டு கவளம் கூடுதலாக உண்டாள்.

மூன்றாம் மாதம் எஸ்னார்த் சுவரோரம் குச்சி நட்டு அளந்தாள். "மழை முடிந்ததும் இங்கே ஓர் அறை. உனக்கு. திரும்பிப் போகாதே."

அடிபம்பில் முதல் நீர் வந்த காலை. கிணற்றுப் பணிக்குக் கல் சுமந்த பெண்கள் எல்லோரும் ஒரே தகரக் குவளையில் வாய்வைத்துப் பருகிக் கைமாற்றுவது அவ்வூர் வழக்கம். கைதட்டலுக்கிடையே எஸ்னார்த் ஒரு மிடறு குடித்து, இரு கைகளாலும் குவளையை நீட்டினாள். வாங்கிய திரிபுரசுந்தரியின் கை எண்ணத்துக்கு முன்னே உயர்ந்தது. தலை அண்ணாந்தது. உதட்டுக்கு ஒரு சாண் மேலிருந்து நீர் நூலாக இறங்கியது. பிறந்தது முதல் அவள் அப்படித்தான் குடித்திருக்கிறாள்.

கைதட்டல் நின்றது.

"தண்ணீர் நல்லதென்று சொன்னவளே வாயில் வைக்க அஞ்சுகிறாளே!" என்றாள் ஒருத்தி.

"தண்ணீருக்கு அஞ்சவில்லை," என்றாள் எஸ்னார்த் மெதுவாக. மூன்று மாதமாகத் தன் வீட்டில் அமாயி தனக்கென்று தனியே வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர் அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று.

"எங்கள் ஊரில் எல்லோருமே இப்படித்தான்," என்றாள் திரிபுரசுந்தரி.

"ஏன்?"

எச்சில் என்னும் சொல்லுக்கு அவளிடம் ஆங்கிலம் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்லாமல், குவளையை அடுத்தவளிடம் நீட்டினாள். நீரில் கண்ணுக்குத் தெரியாத அழுக்கையெல்லாம் எண்ணிச் சொன்னவள், தன் கைப்பழக்கத்தில் இருந்ததை இத்தனை ஆண்டாகச் சோதித்ததில்லை.

மறுநாள் முதல் அவளுக்கு நாற்காலி வந்தது. தனித்தட்டு வந்தது. "சாப்பிடுங்கள், மேடம்," என்று வைத்துவிட்டு எஸ்னார்த் பிள்ளைகளோடு அப்பால் போய் அமர்ந்தாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

மூன்றாம் நாள் திரிபுரசுந்தரி பம்படிக்குச் சென்றாள். அத்தனை பெண்களும் பார்க்க, எஸ்னார்த்தின் குவளையை வாங்கி, உதடு முழுக்கப் பதித்துக் குடித்தாள். கண்ணை மூடி விழுங்கினாள். எஸ்னார்த் குவளையைத் திரும்ப வாங்கி, மணலிட்டுத் தேய்த்து, மும்முறை அலம்பினாள். பின்புதான் தன் பிள்ளைக்கு நீர் பிடித்தாள்.

"அந்த அறை..." என்று தொடங்கினாள் திரிபுரசுந்தரி.

"எங்கள் வீடு சிறியது, மேடம். உங்களுக்கு வசதிப்படாது."

நான்காம் மாதம் மட்டாஞ்சேரிக்குத் திரும்பிவிட்டாள்.

"அதுக்குள்ளே மதியாயிடுத்தா, போறும்னு தோணிடுத்தா, அத்தை?" என்றாள் ஸாதனா.

"அங்கத்தெ சாப்பாடு பிடிக்கலேடி."

தெருவில் கேட்பவர்க்கும் கோயிலில் கேட்பவர்க்கும் இதே விடைதான். ஒருவரேனும் மறுகேள்வி கேட்டதில்லை. "ஆமாம், நமக்கெல்லாம் அங்கே சரிப்படுமா?" என்று உடனே நம்பிவிடுகிறார்கள்.