ஜெர்மனி ஹம் நகரத்து ஸோல் பாடகி வதனி அக்கா

வதனி அக்கா போய்விட்டார். இன்று காலை, ஆஸ்பத்திரியில்... இன்னும் நம்ப முடியவில்லை.

தெரியாதவர்களுக்கு: ஜெர்மனி முழுக்க மேடை ஏறி, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஸோல் இசையைப் பாடிய எங்கள் யாழ்ப்பாணத்துப் பெண். பதினொரு வருடம் அவருடைய பாண்டில் பேஸ் கிட்டார் வாசித்தவன் நான். பெருமையாகவே சொல்கிறேன்.

அப்பா நாதஸ்வர வித்துவான். அண்ணன் குகன் தவில். இங்கே எத்தனையோ தமிழ்க் கல்யாணங்கள் அவர்கள் வாசித்துத்தான் நடந்தன. அந்த வீட்டில் அக்கா பாடியதை மட்டும் யாரும் சங்கீதம் என்று ஒத்துக்கொள்ளவில்லை.

முதல் சிடியைக் கேட்டுவிட்டு அப்பா சொன்னாராம், "உதென்ன பிள்ளை, மாடு கண்டு போடுற மாதிரிக் கத்துறாய்?"

அக்கா விடுவாரா! லைப்சிக்கில் ஹவுஸ்ஃபுல் ஷோ. மேடையில் அதையே ஜெர்மனில் சொன்னார். ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது. "சரி, இப்போது மாடு பாடும்" என்றுவிட்டு எடுத்தார் பாருங்கள் ஒரு மேல் ஸ்தாயி... அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் அவரையே பார்த்துக்கொண்டு ஒரு நோட்டைத் தவறாக வாசித்துவிட்டேன். யார் கவனித்தார்கள்!

அக்காவுக்குப் பகலில் முதியோர் இல்லத்தில் வேலை. ஒருமுறை அந்தப் பெரியவர்கள் பஸ் பிடித்து ஷோவுக்கு வந்துவிட்டார்கள். முதல் வரிசை முழுக்க அவர்கள் பிடித்துத் தள்ளி நடக்கிற சக்கர வண்டிகள்.

"என்ர ரசிகர் ஒருத்தரும் இடையில எழும்பிப் போகமாட்டினம் தம்பி. அவைக்கு ஏலாது" என்று அக்கா கண்ணடித்தார்.

ஒவ்வொரு ஷோவுக்கும் அண்ணனுக்கு ஒரு டிக்கெட் அனுப்புவார். அப்பா இறந்த பிறகும் அனுப்பினார். குகன் அண்ணை ஒரு நாளும் வரவில்லை. காலியாகக் கிடக்கும் அந்த சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா முதல் பாட்டைத் தொடங்குவார். அந்த அண்ணன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

மத்தியானம் ஒரு போன். குகன் அண்ணை! அக்காவின் போனில் என் நம்பரைத் தேடி எடுத்திருக்கிறார்.

"தம்பி, வெள்ளிக்கிழமைதான் எரிக்கிறதுக்கு டெர்மின் எண்டு நாள் தந்திருக்கிறாங்கள். நான் தவில் கொண்டு வாறன்."

சாவுக்குத் தவிலா? அது மங்கல வாத்தியம் அல்லவா... "அண்ணை, சனம் கதைக்குமே" என்றேன்.

"கதைக்கட்டும். எங்கட வீட்டு வித்துவான் போறாள். வாசிக்காமல் அனுப்ப ஏலாது."

கொஞ்ச நேரம் அழுதார். பிறகு சொன்னார், "அவளின்ர பாட்டு ஒண்டும் எனக்குத் தெரியாதடா. ஒண்டைச் சொல்லித் தா."

நாளைக்குப் பின்னேரம் ரிஹர்சல், அக்கா. அண்ணை வாறாராம்...

போயிட்டு வாங்கோ.