சாணியில் நட்ட நொச்சிக் குச்சி

சாணியின் மேல் ஒரு நொச்சிக் குச்சி நட்டிருந்தால் அதற்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். மாடு வழியில் சாணி போட்டதை முதலில் பார்த்தவள், கையில் கூடை இல்லையென்றால், வாய்க்கால் கரையில் ஒரு குச்சியை ஒடித்து அதில் செருகிவிட்டு நடவுக்குப் போய்விடுவாள். சாயங்காலம் திரும்பும்போது அது காய்ந்து கிடந்தாலும் அவளுடையதுதான். நன்னிலத்துக்குத் தெற்கே எங்கள் தெருவில் கோழி திருடியவர்கள் உண்டு, ஏன், கட்டின துணியை உருவியவர்களும் உண்டு. குச்சி வைத்த சாணியை எடுத்தவர்கள் மட்டும் கிடையாது. சின்னம்மா குச்சியை நடுகிற அழகே தனி. நட்டுவிட்டு ஒரு முறை தெருவைச் சுற்றிப் பார்ப்பாள், கண்டிராக்டர் கல் நாட்டினது போல.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள். மிராசுதார் வீட்டு மாட்டுக் கொட்டில் கூட்டுவது அவள் வேலை. அதற்குக் கொஞ்சம் நெல்லும் தினம் ஒரு கூடைச் சாணியும் கூலி. நெல்லை விடச் சாணிதான் பெரிது என்பாள், ஏனென்றால் நெல்லை வேகவைக்க வரட்டி வேண்டுமே! எங்கள் குடிசையின் மேற்குச் சுவர் முழுக்க அவளுடைய ஐந்து விரல் பதிந்த வரட்டிகள். மழைக்காலத்தில் பக்கத்து வீடுகளில் அடுப்பு அழும்போது எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். அந்தக் கர்வம் அவளுக்கு நிறையவே இருந்தது, இருக்கட்டுமே.

நிலத்துக்கும் கூலிக்குமாக ஊர் இரண்டுபட்டுக் கிடந்த காலம் அது. குடியிருந்த மனை எங்களுக்கே சொந்தம் என்று அரசாங்கம் பட்டா கொடுத்திருந்தது. அதற்குப் பிறகுதான் சின்னம்மா மிராசுதாரை "ஆண்டே" என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு "ஐயா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஒரே ஒரு வார்த்தைதான் மாறியது. அவர் காதில் அது முள்ளாகக் குத்தியது.

அப்போதுதான் அந்த வீட்டுக் கொல்லையில் சாண வாயுக் கலம் வந்தது. மானியத்தில் கட்டியது. தரையில் கிணறு மாதிரி ஒரு தொட்டி, அதன்மேல் கவிழ்த்த இரும்புத் தொப்பி. சாணியைக் கரைத்து ஊற்றினால் வாயு சேர்ந்து தொப்பி மேலே எழும்பும், அடுப்பெரித்தால் இறங்கும். திறந்துவைக்க ஜீப்பில் வந்த அதிகாரி, இனி விறகு வெட்ட வேண்டாம், மரம் பிழைக்கும், பெண்களின் கண் பிழைக்கும் என்று பேசினார். பொய்யில்லை. சின்னம்மாவே வாய் பிளந்து பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "நெருப்பு நீலமா இருக்குடி! புகையே இல்ல. ஐயா சம்சாரம், பெரியம்மா, பட்டுப்புடவை கட்டிக்கிட்டு சமைக்கிறாங்க."

மறுநாள் கூடையை எடுத்துக்கொண்டு போனவள் வெறுங்கூடையோடு திரும்பினாள். சாணி எல்லாம் தொட்டிக்கு என்று சொல்லிவிட்டார்களாம். அதைக் கரைத்து ஊற்றுகிற வேலையும் அவள் தலையில். தொட்டியிலிருந்து வழிகிற கரைசலை வேண்டுமானால் எடுத்துக்கொள், நல்ல உரம் என்றாராம் மிராசுதார். "உரத்த எங்கய்யா போடுறது, என் தலையிலயா? எனக்கு ஏது வயலு?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். வாய்க்குக் குறைச்சலில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி சுவரில் மிச்சமிருந்த வரட்டிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சுவர் காலியானதும் கரைக்குப் போனாள். அவள் மட்டுமா? மேய்ச்சல் சாணியையும் குச்சி நடுவதற்கு முன்பே பண்ணையாள் வந்து அள்ளிக்கொண்டு போனதால் தெருப் பெண்கள் எல்லோருக்கும் அதே கதிதான். வாய்க்கால் கரையில் நொச்சியும் ஆடாதொடையும் அடர்ந்து கிடக்கும்; மண்ணைப் பிடித்து வைத்திருந்ததே அந்த வேர்கள்தான். அடுப்புக்கு அதை வெட்ட வெட்டக் கரை மொட்டையானது. ஐப்பசி மழையில் ஒரு பக்கம் சரிந்து, மிராசுதாரின் இளம் பயிர் சேற்றில் மூழ்கியது. அவர் குடையோடு வந்து நின்று கத்தினார்.

"கரைய மொட்டையடிச்சிட்டீங்களேடி, பாவிங்களா!"

"சாணிய பூட்டி வச்சா கரைதாங்கய்யா மொட்டையாவும்," என்றாள் சின்னம்மா. "உங்க வீட்டுல பொகை இல்லாம இருக்க, நாங்க எதை எரிக்கிறது? காலையா, கையையா?"

வேலை போனது. முன்காலமாக இருந்தால் குடிசையையே பிரித்துப் போட்டிருப்பார். பட்டா இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். சின்னம்மா அன்று ஒன்றும் சமைக்கவில்லை. மறுநாள் விடிகிற நேரம், கரையில் மிச்சமிருந்த நொச்சியில் ஒரு கட்டுக் குச்சி ஒடித்துக்கொண்டு கொட்டிலுக்குள் நுழைந்தாள். அத்தனை மாட்டின் சாணியிலும் ஒவ்வொரு குச்சியாக நட்டாள். வெளியே வந்து, நிதானமாக, அந்தத் தொட்டியின் வாயிலும் ஒன்றைச் செருகினாள். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மிராசுதார் வேறு பெண்களைக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர்கள் கொட்டில் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். "ஆள் இருக்குங்கய்யா," என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். கூலி கூட்டிக் கொடுப்பதாகச் சொல்லியும் யாரும் தொடவில்லை, பண்ணையாளும்கூட. கூலிச் சண்டையில் வெளியூர் ஆளை இறக்கிக் கதிர் அறுத்தவர்தான், சாணி அள்ளவா ஆள் இறக்குவார், ஊர் சிரிக்காதா? கொல்லையில் அந்த இரும்புத் தொப்பி நாளுக்கு நாள் இறங்கியது. கடைசியில் தரைமட்டத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. பெரியம்மாவின் அடுப்பும் அணைந்தது.

பேச வந்தது பெரியம்மாதான், கொல்லை வழியாக. காலைச் சாணி தொட்டிக்கு, சாயங்காலச் சாணி கூட்டுகிறவளுக்கு, மேய்ச்சல் சாணி குச்சி வைத்தவளுக்கு என்று முடிவானது. சின்னம்மா போய்க் குச்சிகளைத் தானே பிடுங்கினாள். பிடுங்கினதைக் கரையில் கொண்டுபோய் ஊன்றினாள். நொச்சி ஊன்றினால் துளிர்க்கும். அந்தக் கரை அதற்குப் பிறகு என் காலத்தில் உடையவில்லை.

நான் படித்து, இப்போது சூரிய மின்சார நிலையம் அமைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அது நல்ல காரியம் என்று மனசார நம்புகிறேன். போன மாதம் கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு மேய்ச்சல் தரிசுக்குப் போயிருந்தோம். யாருக்கும் பயன்படாத இடம் என்று சொல்லித்தான் எங்களுக்குக் காட்டினார்கள். வேலி எங்கே வரும் என்று அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்துக்கொண்டே போனார் எங்கள் சர்வேயர். ஓரிடத்தில் முளைக்கு இடைஞ்சலாக ஏதோ கிடக்கிறது என்று காலை ஓங்கினார். பார்த்தேன். காய்ந்த சாணி. அதன் நடுவில், இலை வாடாத ஒரு நொச்சிக் குச்சி.

சின்னம்மா போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது எனக்கு, வெயிலில் எல்லோர் முன்னாலும்.

"தொடாதீங்க சார்," என்றேன். "ஆள் இருக்கு."

"யாருங்க மேடம்? இங்க யாருமே இல்லையே."

"சாயங்காலம் கூடையோட வருவாங்க. அவங்ககிட்ட பேசிட்டு அப்புறம் முளை அடிக்கலாம்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் அந்தக் குச்சிக்குப் பக்கத்திலேயே குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.