துண்டு உட்கார்ந்து வந்த இடம்

போத்தனூரில் நான் ரயில் ஏறியபோது பெட்டியில் ஒரே ஓர் இடம்தான் காலி. அதன்மேல் ஒரு துண்டு விரித்திருந்தது. பக்கத்தில் காதில் கடுக்கனும் வீங்கிய கால்களுமாக ஒருவர், குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்கியபடி நின்றிருந்தார். எனக்கோ முழங்கால் வலி.

“ஏனுங்க, இது யாரோட எடமுங்க?”

“நம்முளுதுதானுங்க. மண்டியில வருசக்கணக்கா உக்காந்தே கணக்கு எழுதி, காலு இப்படி ஆயிப்போச்சுங்க. இனியும் உக்காந்தா நடக்கவே முடியாதுன்னு வைத்தியரு சொல்லிப்போட்டாருங்க.”

“அப்ப நான் உக்காந்துக்கட்டுங்களா?”

அவர் என் கால்களைக் கவலையோடு பார்த்தார். “தெரிஞ்சுக்கிட்டே ஒரு மனுசனை உக்கார வெக்கறதுங்களா? பாவமுங்க.”

இருவரும் நின்றோம். துண்டு சுகமாக வந்தது.

வாளையாரில் தலைப்பாகை கட்டிய ஒருவர் ஏறினார். மண்டிக்காரர் உடனே துண்டை எடுத்து, பலகையைத் தட்டிவிட்டு, “வாங்க வாங்க, சௌகரியமா உக்காருங்க” என்றார். வந்தவர் அமர்ந்ததும் மண்டிக்காரர் என் காதருகே குனிந்தார்.

“நம்ம பங்காளிங்க. காட்டு வரப்புக்குக் கோர்ட்டுல கேசு நடக்குதுங்க.”

கஞ்சிக்கோட்டில் பங்காளியின் பக்கத்து இடம் காலியானது. மண்டிக்காரர் என் முகத்தையே பார்த்தார். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் ஒலவக்கோட்டில் இறங்கும்வரை நான் உட்காரவில்லை.