ஒரு புள்ளி குறைந்த மஞ்சள் கல்

நான் வேலை பார்க்கும் பட்டறை வாடிப்பட்டி போகிற சாலையில் இருக்கிறது. தரையில் பதிக்கும் சிமெண்ட் கற்களை அங்கே வார்க்கிறோம். பேவர் பிளாக் என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், காலேஜ் வாசல் என்று எங்கே பார்த்தாலும் பாவியிருக்கிறதே, அதேதான். மோல்டு கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். பதினாறு வருடத்தில், வார்த்த கல்லைத் தரம் பார்த்துப் பிரிக்கிற ஆளாக வந்திருக்கிறேன். என் கண்ணுக்குத் தப்பி ஒரு மூளிக்கல் லாரியில் ஏறாது என்று அங்கே எனக்குப் பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களாக அங்கே இன்னொரு கல்லும் வார்க்கிறோம். ஓரடிக்கு ஓரடி, நல்ல மஞ்சள் நிறம். ஒரு வகையில் மேலே வரிசையாகப் புள்ளிகள் புடைத்திருக்கும். மற்றதில் புள்ளிக்குப் பதில் நீளக் கோடுகள். ரயில்வே பிளாட்பாரத்துக்கும் சென்னையில் மெட்ரோ ஸ்டேஷன்களுக்கும் போகிறது என்றார்கள். எதற்குப் புள்ளி, எதற்குக் கோடு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஜனங்கள் அடித்துப் பிடித்து ஓடுகிற இடம், கால் வழுக்காமல் இருக்கத்தான் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். கழிவில் போனவற்றை ஆளுக்கு நாலைந்தாக வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளியலறை வாசலிலும் குழாயடியிலும் பதித்தோம். என் வீட்டுக் குழாயடியிலும் புள்ளிக்கல்தான். பாசி பிடித்தாலும் வழுக்கவில்லை. ஆகவே நாங்கள் நினைத்தது சரியென்றே ஆகிவிட்டது.

என் வீடு வைகைக் கரையில், பழைய நூல் மில்லை ஒட்டிய லைன் வீடுகளில் ஒன்று. மில் தன் ஆட்களுக்காகக் கட்டியவை. மில் மூடியபின் குடியிருந்தவர்களுக்கே வந்து சேர்ந்தன. மில்லில் இப்போது மிச்சம் இருப்பது ஒரு புகைபோக்கியும் இரும்புக் கேட்டும்தான். உள்ளே ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஆனாலும் மதியம் மூன்றரைக்கு, இரண்டாம் ஷிப்டுக்குச் சங்கு ஊதிய நேரத்துக்கு, கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் பழைய மில் ஆட்கள் கூடிவிடுவார்கள். சங்கு ஓய்ந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, யாரும் பிந்தி வருவதும் இல்லை. வேலை ஒன்றுதான் இல்லை, மற்றபடி மில் ஒழுங்காக நடக்கிறது என்று நான் கேலி செய்வேன்.

அந்தக் கூட்டத்தில் என் அண்ணனும் ஒருவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பதினெட்டு வயதில் நூல் நூற்கும் ஸ்பின்னிங் பிரிவில் சேர்ந்தார். அங்கே செருப்போடு உள்ளே போகக் கூடாது, கேட்டிலேயே கழற்றிவிட வேண்டும். எட்டு மணி நேரமும் வெறுங்காலோடு மெஷின்களுக்கு நடுவே நடை. இரைச்சலில் காது உதவாது. எந்த மெஷின் மக்கர் பண்ணுகிறது என்பதைத் தரையின் அதிர்வை வைத்துப் பாதத்தாலேயே கண்டுபிடித்துவிடுவோம் என்பார். நான் நம்பியதில்லை. மில் ஆட்கள் மில்லைப் பற்றிப் பேசினால் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

அண்ணி இறந்தபின் அவர் என் வீட்டுக்கு வந்தார். அதற்குள் கண்ணில் அழுத்தம் கூடி, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியிருந்தது. கண்ணாஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தார்கள். நாங்கள்தான் காலம் கடந்து போயிருந்தோம். நான்கு வருடத்துக்கு முன் முழுவதும் இருட்டிவிட்டது. கைத்தடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதைக் கொடியில் துணி தள்ள வைத்துக்கொண்டார். மூன்றே காலானால் சட்டையை மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு தெருவில் இறங்கி, கோடியில் இடப்பக்கம் திரும்பி, கேட்டுக்குப் போய்விடுவார். ஒருவர் கையையும் பிடித்ததில்லை. நான் அதைப் பழக்கம் என்று நினைத்தேன்.

அதன்பிறகுதான் பூமியில் துளை போடும் இயந்திரம் ஒன்று வந்தது. மதுரைக்கு மெட்ரோ வருகிறது, பூமிக்கு அடியில் போகும், இல்லை மேலே போகும், எதுவுமே வராது என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்த நேரம். மண்ணைப் பரிசோதிக்க வந்தவர்கள் எங்கள் தெருக்கோடியில், ஆற்றுச் சரிவுக்குப் பக்கத்தில் இயந்திரத்தை நிறுத்தினார்கள். எடுத்த மண்ணை நீளமான மரப்பெட்டியில் ஆழத்துக்கு ஏற்றபடி அடுக்கினார்கள். முதலில் மணல், பிறகு களிமண், மறுபடி மணல், வழுவழுவென்று கூழாங்கற்கள். நாங்கள் கோலம் போடுகிற தரைக்குக் கீழே ஆறு எத்தனையோ முறை இடம் மாறிப் படுத்திருக்கிறது. பெட்டியைப் பார்த்தபடி நின்றேன். எவ்வளவு பெரிய ஒன்றின் மேல் நாங்கள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அண்ணன் இயந்திரத்துக்குக் கொஞ்சம் தள்ளி வெறுங்காலோடு நின்றார். முகம் மலர்ந்திருந்தது.

“மிஷினு ஓடுது தாயி” என்றார் என்னிடம். இருபது வருடத்துக்குப் பிறகு எங்கள் தரை அதிர்ந்தது அன்றைக்குத்தான்.

இரண்டாம் நாள் திடீரென்று கையை உயர்த்தி, “தம்பி, பைய விடுங்க. கீழ பாறை வந்துருச்சு” என்றார்.

இயந்திரத்தை இயக்கிய பையன் சிரித்தான். “இன்னும் மணல்தான் வருது பெரியவரே.”

நான் சங்கடத்தோடு அண்ணன் கையைத் தொட்டேன், வீட்டுக்குப் போகலாம் என்று. அதற்குள் இயந்திரத்தின் குரல் மாறியது. பையன் அவசரமாக நிறுத்தினான். அண்ணனின் கண்களைப் பார்த்தான், பிறகு அவர் பாதங்களைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் குழாயிலிருந்து கருப்பும் வெள்ளையுமாக, உருளை வடிவில் ஒரு பாறைத் துண்டு வந்தது. அதை யாரும் கேட்காமலேயே துடைத்து அண்ணன் கையில் வைத்தான். இத்தனை வருடமும் நான் தள்ளுபடி செய்த அந்தப் பாதி அவ்வளவும் உண்மை.

இதைப் பார்த்த பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

எங்கள் தெருவில் மில் காலத்துக் கருங்கல் பலகைகள் பாவியிருந்தன, பஞ்சுப் பொதி ஏற்றிய வண்டிகளுக்காகப் போட்டவை. ஒன்று பள்ளம், ஒன்று மேடு, மிதித்தால் ஒன்று ஆடும். மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். அதைப் பெயர்த்துவிட்டு பேவர் பிளாக் போட வேண்டும் என்று மனு எழுதியது நான். வீடுவீடாகக் கையெழுத்து வாங்கியதும், வார்டு ஆபீசுக்கு நடையாக நடந்ததும் நான். கடைசியில் எங்கள் பட்டறைக் கல்லே வந்தது. எங்கள் தெருவுக்குப் போகிற கல் என்று ஒன்றுக்கு இரண்டு முறை தரம் பார்த்து அனுப்பினேன். பதித்து முடித்தபோது தெரு இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி இருந்தது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள், நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் நான் வேலையில் இருந்தபோது போன் வந்தது. காளவாசலில் பஸ் மாறி வீடு வந்து சேர்வதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணன் வழக்கம்போல மூன்றே காலுக்கு இறங்கியிருக்கிறார். கோடியில் திரும்பாமல் நேரே போய், ஆற்றுச் சரிவில் உருண்டு முள்ளில் விழுந்திருக்கிறார். டீக்கடையில் கூடியிருந்தவர்கள்தான் தூக்கி வந்திருந்தார்கள். முழங்காலில் கட்டு, நெற்றியில் கட்டு.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை.

“ஆடுற கல்லு வந்தா அஞ்சாவது வீடு. பள்ளக்கல்லு வந்தா பொதுக் கொழா. அந்தப் பெரிய கல்லுல இருந்து நாலு எட்டு வச்சா திரும்பணும். இப்ப அம்புட்டும் ஒண்ணுபோல இருக்கு தாயி. நான் எங்க நிக்கிறேன்னே தெரியல.”

ஒவ்வொரு கல்லும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தத் திறமையை வைத்தே அண்ணன் நடந்த பாதையை அழித்திருக்கிறேன். பழைய கற்களைத் தேடினேன். லாரி எங்கேயோ கொண்டுபோய்க் கொட்டிவிட்டிருந்தது.

அதற்குப் பிறகும் தினமும் மூன்றே காலுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்காருவார். நாலு மணிக்குக் கழற்றி வைப்பார். நான் லீவு போட்டுக் கூட்டிப்போகிறேன் என்றேன்.

“ஷிப்டுக்கு யாராச்சும் கையப் புடிச்சுக் கொண்டாந்து விடுவாங்களா?” என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. இனி அவர் தானாக அந்தக் கேட்டுக்குப் போகாவிட்டால் கட்டிலோடு முடிந்துவிடுவார் என்று பயந்தேன்.

கொல்லைப்புறத்திலாவது விழாமல் இருக்கட்டும் என்று, பட்டறையில் கழித்த கோட்டுக்கற்களைக் கொண்டுவந்து கொல்லைக் கதவிலிருந்து குழாயடி வரை ஒரு வரிசை பதித்தேன். கோட்டை நீளவாக்கில் வைத்தால் தண்ணீர் வடியும் என்று அப்படி வைத்தேன், வேறு யோசனை எதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை துவைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கதவைத் தாண்டி வந்தார். சுவரைத் தேடிப் போன கை பாதியில் கீழே இறங்கியது. கோட்டின் மேல் நேராக நடந்து வந்து, புள்ளிக்கல் மேல் கால் பட்டதும் நின்றார். திரும்பிப் போனார். மறுபடி வந்தார், மறுபடி அதே இடத்தில் நின்றார்.

“இத யாரு தாயி செஞ்சா?”

“எங்க பட்டறைலதான் அண்ணே.”

“வார்த்தவகளக் கேக்கல. யாரு நெனச்சுச் செஞ்சான்னு கேக்கேன். கோடு நடக்கச் சொல்லுது. புள்ளி நிக்கச் சொல்லுது. கண்ணு இல்லாத ஆளக் கேக்காம இதச் செய்ய முடியாது.”



மறுநாள் பட்டறை இன்ஜினியரிடம் கேட்டேன். படித்துவிட்டுப் புதிதாக வந்த பையன். “என்னக்கா, இம்புட்டு நாளாத் தெரியாதா? பார்வை இல்லாதவங்களுக்குத்தான். கோடு போற வழி, புள்ளி நில்லுங்கன்னு எச்சரிக்கை” என்றான். வெளியே வந்து, அடுக்கி வைத்திருந்த மஞ்சள் கற்களைப் பார்த்தேன். எத்தனை ஆயிரம் கல் என் கை வழியாகப் போயிருக்கும். நான் பார்த்தே இராத ஸ்டேஷன்களில், நான் சந்திக்கவே போகாத யாரோ அவற்றைக் காலால் படித்துக்கொண்டு தனியாக ரயில் ஏறிப் போகிறார்கள். கண் இருக்கிற நாங்களோ அதன்மேல் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். அண்ணன் அதைப் படிக்க மூன்று நடை போதுமாக இருந்தது. வெட்கத்தைவிட வியப்புதான் எனக்கு அதிகமாக இருந்தது.

முதலாளியிடம் கழிவுக் கற்களைக் கேட்டேன், எடுத்துக்கொள் என்றார். தெருவில் எல்லோரும் சம்மதித்தார்கள். பட்டறை ஆட்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, நான் பாடுபட்டுப் போட வைத்த பேவர் பிளாக்கில் ஒரு பட்டையைப் பெயர்த்துவிட்டு மஞ்சள் கல்லைப் பதித்தார்கள். வீட்டிலிருந்து கோடி வரை கோடு, திருப்பத்தில் புள்ளி, இடப்பக்கம் மறுபடி கோடு, கேட்டுக்கு முன்னால் புள்ளி.

திங்கட்கிழமை லீவு போட்டேன். மூன்றே காலுக்கு அண்ணன் சட்டையை மாட்டினார். “வாரேன் தாயி” என்று இறங்கினார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பத்தடி பின்னால் போனேன், சத்தம் கேட்கக் கூடாதென்று. திருப்பம் நெருங்கியதும் பாய்ந்து பிடிக்கத் தயாராக இருந்தேன். புள்ளியில் நின்றார். இடப்பக்கம் திரும்பினார். கேட்டுக்கு முன்னால் போய் நின்று, இரும்புக் கம்பியைக் கையால் தொட்டார். டீக்கடை பெஞ்சில் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார்.

“ரெண்டு மாசம் லேட்டு” என்றார் அவர்.

“பாதைய மாத்திப்புட்டாங்கண்ணே” என்று சொல்லி அண்ணன் உட்கார்ந்தார். நான் தெருமுனையில் நின்று அழுதேன்.

கொஞ்ச நாள் கழித்து இன்ஜினியர் தம்பி பார்க்க வந்தான். பாதை நெடுகக் குனிந்து பார்த்துவிட்டு, “அம்புட்டும் கழிவுக்கல்லா இருக்கேக்கா. நல்ல கல்லாத் தாரேன், மாத்திருவோம்” என்றான். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது, தொழில்புத்தி. அண்ணன் கையை ஆட்டி மறுத்தார்.

“வேணாம் தம்பி. மூலை ஒடஞ்ச கல்லு அஞ்சாவது வீடு. ஒரு புள்ளி கொறஞ்ச கல்லுல நின்னா, அடுத்த எட்டுல இடப்பக்கம் திரும்பணும். நல்ல கல்லாப் போட்டீகன்னா நான் மறுபடி தொலஞ்சு போவேன்.”

தம்பி மறுபடி குனிந்து அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தான். அண்ணனே கேட்டார்.

“நம்மூருக்கு மெட்ரோ வந்தா அங்கயும் இந்தக் கல்லுதான் போடுவாகளா?”

“கண்டிப்பாப் போடுவாங்கண்ணே.”

“அப்பத் தனியாப் போயி ஏறிட்டு வரலாம்.” ஊர்க் கோடியில் இருக்கிற ஒத்தக்கடைக்குக்கூடப் பல வருடமாகப் போகாத மனிதர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினார். “நம்ம தெருவுல கொறயட்டும் தாயி, இது எனக்குத் தெரிஞ்ச எடம். அங்க ஒரு புள்ளி கொறயக் கூடாது. பாத்து அனுப்பு.”

சரி அண்ணே என்றேன். மெட்ரோ வருமா என்று எனக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து மஞ்சள் கல்லை மட்டும் கண்ணால் பார்த்ததோடு விடுவதில்லை. லாரி ஏறும் முன் ஒவ்வொன்றாகத் தரையில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஏறி நின்று பார்க்கிறேன்.