மல்யுத்த மேடையில் துக்க மணி

நேற்று இந்த வெளிநாட்டில், செயின்ட்-மிஷேலில் உள்ள எங்கள் வீட்டில் பிள்ளைகளோடு இருந்து, வயதான ஒரு ஜப்பானிய மல்யுத்த வீரரின் கடைசி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஆட்டம் முடிந்ததும் அவரை மேடை நடுவில் நிற்கவைத்து, ஓய்வுபெறும் வீரருக்குச் செய்யும் அவர்களுடைய வழக்கப்படி, மணியை மெதுவாக விட்டுவிட்டு அடித்தார்கள். என் கை தானாகச் சிலுவை போட்டது.

"மல்யுத்தத்துக்கு ஆரப்பா செபம் சொல்லுறது?" என்று மகள் சிரித்தாள்.

பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். மன்னாரில் எங்கள் மாதா கோயில் மணி அப்படி அடித்தால் ஊரில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஒருநாள் என் அப்பா கடலுக்குப் போயிருந்தபோது அந்த மணி கேட்டது. அடுப்பில் புளி மணக்கக் கொதித்த மீன்குழம்பை அப்படியே விட்டுவிட்டு அம்மா கரைக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். எதிரே அப்பா இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு மூச்சிரைக்க ஓடிவந்தார். வள்ளத்தைக் கரையில் ஏற்றும்போது மணி கேட்டு, அது எங்களில் ஒருவருக்குத்தான் என்று பயந்துவிட்டாராம்.

"உங்களுக்கு ஒண்டுமில்லையே?" என்று அப்பா கேட்டார்.

"உங்களுக்குத்தானெண்டு நான் ஓடி வாறன், மனுசா!" என்று அம்மா அவர் தோளில் அடித்தார், அழுதுகொண்டே. மணி யாருக்கு அடித்தது என்று பிறகுதான் விசாரித்தார்கள்.

தொலைக்காட்சியில் மணி ஓய்ந்தது. அந்த மனிதர் குனிந்து வணங்கிவிட்டு மேடையிலிருந்து இறங்கினார்.

"இனி என்ன செய்வார், அப்பா?"

"வீட்டை போவார், பிள்ளை. கைதட்டுங்கோ."