பட்டிக்குள் இருந்த பள்ளம்

என் மகள் யாழினி வேன் ஓட்டக் கற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் பழைய வேனை வீட்டுக் கேட் தூணிலேயே இடித்து, பக்கத் தகட்டில் பள்ளம் விழவைத்துவிட்டாள். "இனி நீ சாவியவே தொடப்படாது" என்று கத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் முகம் சுருங்கிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பள்ளத்தைச் சரிசெய்ய வாசலில் உட்கார்ந்தேன். அவள் பனியன் வேஸ்ட் துணியால் தூசியைத் துடைத்துக் கொடுத்தாள். உப்புத்தாளால் நாலு தேய்ப்புத் தேய்த்ததும், பெயிண்டுக்கு அடியில் பள்ளத்தை நிரப்பப் பூசியிருந்த பழைய பட்டி ஒரு வடை அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. அதற்கு அடியில் இன்னொரு பள்ளம், இதைவிட ஆழமாக.

"ஏனுங்கப்பா, இது யாரு இடிச்சதுங்க?"

வேன் வாங்கிய புதிதில் அதே தூணில் இடித்தவன் நான்தான். யாருக்கும் தெரியாமல் பட்டி பூசி, பெயிண்ட் அடித்து, அதை மறந்தும் போயிருந்தேன்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி திரும்பினாள். "நான் அன்னைக்கே சன்னல்ல பாத்தனுங்க. உங்ககிட்ட இருந்து சாவியப் புடுங்கினனா?"

மூவரும் சிரித்த சிரிப்பில் உப்புத்தாள் என் கையிலிருந்து நழுவியது. பிறகு யாழினி உள்ளிருந்து சுத்தியலால் தட்ட, நான் வெளியே மரக்கட்டையை முட்டுக் கொடுத்தேன். தகடு மெல்ல நிமிர்ந்தது.

மறுநாள் பொங்கலூருக்கு அவள்தான் ஓட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வழியெல்லாம் மிதித்துக்கொண்டு போனேன்.

இன்றும் அவள் வண்டியை எடுத்தால் என் நெஞ்சு படபடக்கிறது. ஆனாலும் சாவி இப்போது என் பையில் இல்லை. கதவோரத்து ஆணியில் தொங்குகிறது.